பழைய ஜிப்ஸியில் கூலன்ட் குறைகிறதா? அறிகுறியைக் கொண்டு கசிவைக் கண்டறியும் வழிமுறை

மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் 970 சிசி பெட்ரோல் இன்ஜினுடன் விற்பனைக்கு வந்தது. 1996-இல் 1298 சிசி இன்ஜினுடன் ஜிப்ஸி கிங் வந்தது. 2000-இல் அதே இன்ஜின் பதினாறு வால்வுகளும் எம்பிஎஃப்ஐ எனப்படும், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்து அமைப்பும் பெற்றது. இன்று மலைப்பாதைகளிலும் எஸ்டேட் சாலைகளிலும் காட்டுத் தடங்களிலும் ஓடும் ஜிப்ஸிகளில் பெரும்பாலானவை இந்த 1.3 லிட்டர் வண்டிகளே. இவற்றின் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடற்பகுதி), ஹெட் (அதன் மேல் மூடி) இரண்டும் அலுமினியம். எடை குறைவு என்பது இதனால் கிடைக்கும் நன்மை. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலே ஹெட் வளைந்துவிடக்கூடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட பழைய டீசல் ஜீப்பில் பொறுத்துக்கொள்ளப்படும் அலட்சியத்தை இந்த இன்ஜின் பொறுத்துக்கொள்ளாது.

ஆகவே, இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருப்பதைக் கண்டதும் ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்புவதை ஒரு தீர்வாகக் கொள்ளக் கூடாது. மூடிய குளிரூட்டும் அமைப்பில் கூலன்ட் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்த ஒவ்வொரு அரை லிட்டரும் எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது. அந்த வழியைக் கண்டறிவதே வேலை. அதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி “எங்கே ஒழுகுகிறது?” என்பதன்று, “எப்போது ஒழுகுகிறது?” என்பதே. ஓடும் வண்டியின் விசிறிக் காற்று சொட்டை இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் விழச் செய்யும் என்பதால் தரையில் உள்ள ஈரம் பெரும்பாலும் நம்மைத் தவறான இடத்திற்கே அழைத்துச் செல்லும். இன்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடேறிய பிறகா, ஏற்றத்திலா, நிறுத்திய பிறகா என்ற கால விவரமோ ஏமாற்றுவதில்லை. கீழே உள்ள பகுதிகளை அதனால்தான் அறிகுறி தோன்றும் நேரத்தை வைத்துப் பிரித்திருக்கிறேன்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்தினால் தளர்வாக அமுங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடித்துக் கண்ணிழந்தவர்கள் உண்டு என்பதால் இதை எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது.

இன்ஜின் முழுவதும் ஆறிய பின், இன்ஜின் அறையைச் சேறும் எண்ணெயும் போகக் கழுவி உலர விடவும். அழுக்கு மூடிய இன்ஜினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. ரேடியேட்டரைக் கழுத்து வரையிலும் ரிசர்வ் டேங்கை இரு கோடுகளுக்கு நடுவிலும் நிரப்பி, டேங்கில் உள்ள அளவைப் பேனாவால் குறித்துக்கொள்ளவும். வண்டி நிற்கும் இடத்தில் அகலமான அட்டை ஒன்றை விரித்து வைத்தால், காலையில் எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்று எழுதி வைத்ததுபோலத் தெரியும். வெளியே கசிந்து உலர்ந்த கூலன்ட் வெண்மையாகவோ பச்சை, இளஞ்சிவப்புப் பொருக்காகவோ படிந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பொருக்கைத் தேடுவது ஈரத்தைத் தேடுவதைவிட எளிது.

பிரஷர் டெஸ்டர் கிடைத்தால் மிக நன்று. அதை ரேடியேட்டர் கழுத்தில் பொருத்தி, மூடியின் மேல் பொறித்துள்ள அளவு வரை மட்டும், எடுத்துக்காட்டாக 0.9 (கி.கி./ச.செ.மீ.) என்றிருந்தால் அந்த அளவு வரை, காற்றை ஏற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். முள் இறங்காமல் நின்றால் வெளிக்கசிவு பெரும்பாலும் இல்லை. அளவுக்கு மேல் ஏற்றினால் பழைய ரேடியேட்டரில் புதிய கசிவை நாமே உண்டாக்கிவிடுவோம்.

இரவு நின்ற வண்டியின் கீழ் காலையில் ஈரம், ஓடும்போது கசிவே இல்லை

இது பெரும்பாலும் ஹோஸ் கிளிப்பின் வேலை. குளிரில் ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஹோஸின் வாயில் மயிரிழை இடைவெளி ஏற்படுகிறது. சூடேறியதும் ரப்பர் விரிந்து அது தானே அடைந்துவிடுகிறது. மார்கழியில் மலைமேல் நிறுத்திய வண்டியில் தோன்றும் கசிவு சமவெளிக்கு இறங்கியதும் காணாமல் போவதற்குக் காரணமும் இதுவே.

கிளிப்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பழைய ரப்பரில் திருகுக் கிளிப்பை மேலும் மேலும் இறுக்கினால் அது ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அதைவிட, ஹோஸைக் கழற்றி, அது மாட்டும் உலோக வாயில் படிந்த வெண்பொருக்கையும் துருவையும் நைஸான உப்புத்தாளால் தேய்த்து, ரப்பரின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஹோஸ்கள் வெளியிலிருந்து கெடுவதைவிட உள்ளிருந்து கெடுவதே மிகுதி. அதிலும் வாயிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்திற்குள் உட்புறத்தில் நீளவாக்கில் வெடிப்புகள் தோன்றும். ஹோஸின் நடுப்பகுதியை அழுத்திப் பார்த்து “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்வது அதனால் போதாது. முனையை அழுத்தும்போது உள்ளே நொறுங்குவது போன்ற உணர்வு வந்தாலோ, எண்ணெய் பட்டு ஊறி மெத்தென்றிருந்தாலோ, தயங்காமல் மாற்றிவிடவும்.

மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குச் சென்று திரும்பும் மெல்லிய ஹோஸ்களையும், ஹீட்டர் உள்ள வண்டியில் இன்ஜின் அறைக்கும் உட்புறத்திற்கும் இடையிலான தடுப்புச் சுவரை நோக்கிப் போகும் இரு ஹோஸ்களையும், ஹோஸ்களுக்கு இடையே வரும் இரும்புக் குழாய்களின் துருவையும் பார்ப்பவர்கள் குறைவு. நான் பார்த்த “கண்டுபிடிக்க முடியாத” கசிவுகளில் பல இந்தச் சிறிய ஹோஸ்களில்தான் இருந்தன.

இன்ஜினின் முன்பக்கம் சொட்டுகிறது, பெல்ட் பக்கம் உறுமல் கேட்கிறது

வாட்டர் பம்பை, பட்டறைகளில் வாட்டர் பாடி என்று சொல்லப்படும் உறுப்பை, இங்கே ஐயுற வேண்டும். பம்பின் அச்சைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால், கூலன்ட் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறுவதற்காகவே பம்பின் அடியில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கிறது. அத்துளையில் லேசான கறை இருப்பது இயல்பு. ஈரமோ நீண்ட பொருக்குத் தடமோ இருந்தால் பம்பின் ஆயுள் முடிந்தது. அத்துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கூலன்ட் பேரிங்கிற்குள் புகும். பேரிங் சிக்கிக்கொண்டால் பம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும் விசிறி ரேடியேட்டருக்குள் பாயும்.

இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி, விசிறியை இரு விளிம்பிலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவும். சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் பம்பை மாற்ற வேண்டும். மீண்டும் மாட்டும்போது, பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் விரலால் அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. வரை அமுங்கும்படி வைக்கவும். இறுக்கம் அதிகமானால் புதிய பம்பின் பேரிங்கும் விரைவில் தேயும்.

இந்த இன்ஜினில் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் கழற்றியாக வேண்டும் என்பது செலவைக் கணக்கிடும்போது முக்கியம். டைமிங் பெல்ட் மாற்றும் நாளில் பம்பையும், பம்ப் மாற்றும் நாளில் டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுவதுதான் அறிவுடைமை. கூலன்ட் நனைத்த டைமிங் பெல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டுவதை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள்.

ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது, ரேடியேட்டரிலோ அளவு குறைந்திருக்கிறது

பெரிய பழுதைப் போல் தோன்றினாலும், பெரும்பாலும் சிறிய செலவில் முடியும் அறிகுறி இது. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உள்ளன. ஒன்று, சூடேறி அழுத்தம் குறித்த அளவைத் தாண்டும்போது கூலன்ட்டை ரிசர்வ் டேங்கிற்கு அனுப்புகிறது. மற்றது, ஆறும்போது உண்டாகும் வெற்றிடத்தால் அதே கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடுகிறது. இரண்டாவது வால்வு சிக்கிக்கொண்டாலோ, ரிசர்வ் டேங்கிற்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலோ, வெளியே போனது திரும்பி வராது. ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் தட்டையாக அமுங்கிக் கிடந்தால் பெரும்பாலும் இந்த வால்வுதான் குற்றவாளி.

மூடியின் ரப்பர் வளையம் கடினமாகியிருக்கிறதா, ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா, ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் அதே அழுத்த அளவுள்ள புதிய மூடி போடுங்கள். அதிக அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கொதிப்பு தள்ளிப்போகும் என்று சிலர் சொல்வது கணக்கின்படி உண்மையே. ஆயினும் இருபது வயதான ஹோஸும் ஈயப்பற்றும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே.

மூடியை மாற்றியும் டேங்க் வழிந்தால், அதிலும் டேங்கில் குமிழிகள் விடாமல் வந்தால், கீழே ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) பற்றிக் கூறியுள்ள சோதனைக்குச் செல்லவும்.

சமவெளியில் நலம், மலையேற்றத்தில் மட்டும் வெப்பமானியின் முள் ஏறுகிறது

ஏற்றத்தில் கொதிக்கும் வண்டியில் எல்லோரும் கசிவைத் தேடுவார்கள். பாதி வேளைகளில் கசிவு காரணமாக இருப்பதில்லை, விளைவாகவே இருக்கிறது. முதலில் சூடேறுகிறது, பிறகு மூடி வழியாகக் கூலன்ட் வெளியேறுகிறது.

இதன் பின்னணியைப் புரிந்துகொள்வது பயன் தரும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி முன்னதாகவே கொதிக்கிறது. 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அது 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். 0.9 அளவு மூடி ஒழுங்காக அழுத்தத்தைப் பிடித்தால் கடல் மட்டத்தில் கொதிநிலை 120 டிகிரியை நெருங்கும். எத்திலீன் கிளைக்கால் என்ற வேதித் திரவம் நீருடன் சரிபாதி கலந்த கூலன்ட் இன்னும் சில டிகிரி தாங்கும். ஆகவே தேய்ந்த மூடியும் வெறும் தண்ணீரும் கொண்ட வண்டி சமவெளியில் தாக்குப்பிடித்து, மலைமேல் கொதிப்பதில் வியப்பில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையிலோ, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலோ வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்கிறது; இன்ஜின் முழு உழைப்பில் இருக்க, முன்னிருந்து வரும் காற்றோ இல்லை. அங்கே குளிரூட்டும் பொறுப்பு முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது.

ஆகவே முதலில் விசிறியைப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்தோ கழற்றி எறியப்பட்டோ இருந்தால், விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கங்களிலிருந்தே இழுத்துச் சுழற்றும். பழைய வண்டிகளில் இந்தக் கூண்டு இல்லாமல் போவது மிகச் சாதாரணம். பழுதுபார்த்தவர் திரும்ப மாட்டச் சோம்பிய ஒரு நாளில் அது தொலைந்திருக்கும். விசிறியின் நடுவில் திரவக் கிளட்ச் உள்ள வண்டியில், இன்ஜின் நின்றிருக்கும்போது கையால் சுழற்றினால் லேசான தடை இருக்க வேண்டும்; தடையே இன்றிச் சுற்றினாலோ, கிளட்சின் முகத்தில் எண்ணெய்க் கோடுகள் தெரிந்தாலோ அதை மாற்ற வேண்டும்.

அடுத்து ரேடியேட்டரின் தகடுகளைப் பாருங்கள். சேற்றுப் பாதையில் ஓடிய வண்டியில் களிமண் தகடுகளுக்கிடையே செங்கல் போல் இறுகிக் கிடக்கும். உயர் அழுத்த நீரை முன்னிருந்து நேராக அடித்தால் தகடுகள் மடங்கும், சேறும் ஆழமாகப் போகும். சாதாரணத் தோட்டக் குழாயால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, பொறுமையாக அடிக்க வேண்டும். முன்பக்கம் கூடுதல் விளக்குகளையும் வின்ச்சையும் ரேடியேட்டரை மறைக்கும்படி பொருத்தியிருந்தால் அவற்றை இடம் மாற்றுவதையும் எண்ணிப்பாருங்கள்.

இதற்குப் பிறகும் முள் ஏறினால், ரேடியேட்டரின் உட்புறம் அடைத்திருக்கலாம். சூடான இன்ஜினை நிறுத்தி, விசிறி முழுவதும் நின்ற பின், ரேடியேட்டரின் குழாய்களும் தகடுகளும் அடங்கிய நடுப்பகுதியான கோரின் பல இடங்களில் கையை அருகே வைத்துப் பார்த்தால், அடைத்த குழாய்கள் உள்ள பகுதி மட்டும் சூடின்றி இருப்பது தெரியும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றியதன் பலன் இது.

இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். “நம் ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை” என்று அதைப் பிடுங்கிப் போட்டுவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. எம்பிஎஃப்ஐ இன்ஜினில் வெப்பம் உரிய அளவை எட்டாவிட்டால், கட்டுப்பாட்டுக் கணினி இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடுவதால் சிலிண்டர் சுவர் தேயும். வால்வைச் சோதிப்பது எளிது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காததை மாற்றுங்கள், கழற்றிவிட்டு வெறுமனே மூடாதீர்கள்.

கரடுமுரடான பயணத்திற்குப் பின் ரேடியேட்டரிலேயே ஈரம்

கற்பாதையில் உடல் முறுகும்போது ரேடியேட்டர் ரப்பர்ப் புஷ்களின் மேல் அசைய வேண்டும். புஷ்கள் கல்லாகியிருந்தால் அந்த முறுக்கு முழுவதும் தொட்டியும் கோரும் சேரும் பற்றின் மேல் இறங்கும். செம்பு–பித்தளை ரேடியேட்டரை நல்ல ரேடியேட்டர் கடையில் கொடுத்தால் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துத் தருவார்கள். இது செய்யத் தகுந்த செலவே. அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட மாற்று ரேடியேட்டரில் தொட்டி வெடித்தால் பசை போட்டு நாளைக் கடத்தாமல் புதிது வாங்குவதே நல்லது.

ரேடியேட்டரின் இன்ஜின் பக்கத்தில் அரைவட்டக் கீறல் இருந்தால், கசிவை அடைப்பதோடு நிற்காமல் இன்ஜின் மவுண்ட்டுகளைப் பாருங்கள். மவுண்ட் கிழிந்த வண்டி செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும், நீரோடையில் வேகமாக இறங்கும்போதும் விசிறி முன்னே வந்து கோரைத் தொடும். ஓடையை மெதுவாகவும் ஒரே சீராகவும் கடக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர்ந்து அரிக்கும் ரேடியேட்டரில் மின்கசிவையும் சோதிக்க வேண்டும். வின்ச், விளக்கு, ரேடியோ என்று பலவற்றை இணைத்த பழைய வண்டியில் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால், மின்னோட்டம் கூலன்ட் வழியாகத் திரும்ப வழி தேடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மற்றதை, உலோகத்தைத் தொடாமல், கூலன்ட்டிலும் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு மின்சாதனமாகப் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புகளைச் சீர்செய்யும் வரை எந்தப் புதிய ரேடியேட்டரும் நிலைக்காது.

வெளியே எங்கும் கசிவில்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது

மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இது. இங்கே அவசரப்படுவோர் தேவையின்றி ஹெட்டைக் கழற்றுகிறார்கள், தயங்குவோர் இன்ஜினையே இழக்கிறார்கள்.

எளியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் கால் வைக்கும் தரையின் விரிப்பைத் தூக்கி, பிசுபிசுப்போ இனிப்பு வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் எண்ணெய் போன்ற மூட்டம் படிவதும் ஹீட்டர் கோர் கசிவின் அடையாளம். அடுத்து, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்ட். இந்த இன்ஜினில் கூலன்ட் மேனிஃபோல்ட் வழியாகச் செல்கிறது, தெர்மோஸ்டாட் இருப்பதும் அங்கேதான். அதன் கேஸ்கெட் அரிக்கப்பட்டால் கூலன்ட் வெளியே சொட்டாமல், காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு ஆவியாகிப் போகும். அறிகுறி ஹெட் கேஸ்கெட் போனது போலவே இருக்கும். வேலையோ அதில் பாதிகூட இல்லை. என் வண்டிக்கு ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் மாற்றியே ஆக வேண்டும் என்று கூறினார்கள். ஹெட்டைக் கழற்றிய பின்னரே மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் இருந்த அரிப்பு கண்ணில் பட்டது. அன்றிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

பிறகு ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து இயக்குங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது அடைபட்ட காற்று. நிற்காமல், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பெருகும் குமிழிகள் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருவதைக் காட்டுகின்றன. மூடி போட்டு இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே, சூடேறுமுன், மேல் ஹோஸ் கல்லாக விறைத்தாலும் அதே பொருள். உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவக் கருவி உள்ளது. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், கூலன்ட் புகும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும். கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆயில் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற வெண்படலம் கண்டதும் கலங்க வேண்டாம். குளிர் மலைப்பகுதியில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் திரண்டும் அது வரும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால்தான் கூலன்ட் கலந்ததாகக் கொள்ள வேண்டும்; அந்நிலையில் இன்ஜினை ஒரு நிமிடம்கூட இயக்கக் கூடாது. காலையில் ஸ்டார்ட்டர் திடீரென இன்ஜினைச் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால், சிலிண்டரில் கூலன்ட் நிறைந்திருக்கலாம். தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்ய முயன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பிளக்குகள் நான்கையும் கழற்றுங்கள்.

ஹெட்டைக் கழற்றினால், நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளக்க வேண்டும், 0.05 மி.மீ. என்பதே எல்லை. அதற்கு மேல் இருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து சமப்படுத்தாமல் புதிய கேஸ்கெட் போடுவது வீண். பிளாக்கின் மேல்முகத்தையும் அவ்வாறே அளக்கச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஹெட் போல்ட்டுகளை, ஆறிய இன்ஜினில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் வரிசையிலும் டார்க் அளவிலும் மட்டுமே இறுக்க வேண்டும்.

ஓடும்போது வெப்பமானியின் முள் திடீரென இறங்குகிறது

உயர்ந்துகொண்டிருந்த முள் சட்டெனக் கீழே வந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், சென்சார் திரவத்தைத் தொடாமல் காற்றில் நிற்கும். இன்ஜின் எரிந்துகொண்டிருக்க, முள் பொய் சொல்லும். உடனே பாதுகாப்பாக ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். இதற்கு மாறாக, கூலன்ட் இருக்கும்போதே முள் மெதுவாக ஏறினால், வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினைச் சற்றுக் கூடுதல் ஐடிலில் ஓடவிட்டு, ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடுவது நல்லது. ஆவி பறந்தால் நிறுத்திவிடுங்கள்.

கொதித்த அலுமினிய இன்ஜினின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவது ஹெட்டை வெடிக்கச் செய்யும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, துணியால் மூடியைப் பிடித்து முதல் படி வரை மட்டும் திருகி, அழுத்தம் போன பின் திறந்து, இன்ஜினை இயக்கிக்கொண்டே சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

காட்டுப் பாதையில் ஹோஸ் வெடித்தால், தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை உலர்ந்த ரப்பரின் மேல் இழுத்துச் சுற்றலாம். கோரின் ஒரு குழாய் மட்டும் ஓட்டையானால், தகடுகளை விலக்கி அக்குழாயை வெட்டி, இருமுனையையும் குறட்டால் மடித்து நசுக்கலாம். பின்னர் மூடியை முதல் படியில் தளர்வாக வைத்து ஓட்டினால் அழுத்தம் ஏறாது, கசிவு குறையும்; ஆனால் கொதிநிலையும் குறைந்துவிடும் என்பதால் மெதுவாக, முள்ளைப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் வழக்கம் உண்மையிலேயே சிறு துளைகளை அடைக்கும். துளையை அடைக்கும் அதே தூள் கோரின் குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும் என்பதால், வேறு வழியே இல்லாத இடத்தில் வீடு சேர மட்டும் அதைப் பயன்படுத்தி, மறுநாளே அமைப்பு முழுவதையும் அலசிவிடுங்கள்.

நிரப்புதலும் தொடர் பராமரிப்பும்

பழைய வண்டியில் ஒரு கசிவை அடைத்ததும் அழுத்தம் முழு அளவுக்கு ஏறும். அதுவரை தாக்குப்பிடித்த அடுத்த பலவீனமான இடம் அப்போது வெளிப்படும். “சரிசெய்த மறுவாரமே வேறிடத்தில் ஒழுகுகிறது” என்ற மனக்குறைக்குக் காரணம் இதுவே. எனவே பத்தாண்டைக் கடந்த ஹோஸ்களை ஒவ்வொன்றாக அல்லாமல் ஒருசேர மாற்றுவதே மலிவு.

கூலன்ட்டை அதன் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறம் வெறும் சாயம். டப்பாவின் மேல் ஐஎஸ் 5759 அல்லது ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் கே 2234 குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றதா என்று படியுங்கள். இருவகைக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம். செறிவாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி கலக்கவும். கலந்தே விற்கப்படுவதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. உறையும் குளிர் இல்லாத ஊரிலும் கூலன்ட் தேவை. துருவையும் அரிப்பையும் தடுக்கும் வேதிப்பொருள்கள் அதில்தான் உள்ளன. பழைய முறைப் பச்சைக் கூலன்ட்டை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; நீண்டகால வகைக்கு டப்பாவில் உள்ள காலத்தைப் பின்பற்றுங்கள்.

நிரப்பும்போது வண்டியின் முன்பகுதி உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தினால், ரேடியேட்டர் கழுத்தே மிக உயர்ந்த இடமாகி உள்ளே அடைபட்ட காற்று எளிதில் வெளியேறும். மெதுவாக ஊற்றி, மூடியின்றி இயக்கி, மேல் ஹோஸ் சூடாகும் வரை, அதாவது தெர்மோஸ்டாட் திறக்கும் வரை காத்திருந்து, இறங்கும் மட்டத்தை நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலையிலும் அதற்கடுத்த நாளும் ஆறிய நிலையில் மீண்டும் பாருங்கள். புதிய ஹோஸ்களின் கிளிப்பையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு மலைப் பயணத்திற்கு முன்பும் மட்டம், மூடி, பெல்ட், ஹோஸ் முனைகள் ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பயணத்தின்போது மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பெல்ட், சில கிளிப்புகள், ஒரு மூடி, சிலிகான் டேப், ஐந்து லிட்டர் சுத்தமான நீர் ஆகியவை வண்டியில் இருக்கட்டும். திரும்பி வந்த மாலையிலேயே ரேடியேட்டரின் சேற்றைக் கழுவிவிடுங்கள். உலர்ந்த பின் அது எளிதில் வராது.

வடித்தெடுத்த பழைய கூலன்ட்டை ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் ஆடுமாடும் அதை விரும்பி நக்கும், சிறிதளவே உயிரைப் பறிக்கும். தட்டில் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயரெழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள். காட்டில் பழுது பார்க்க நேர்ந்தாலும் இதுவே முறை. வடிந்த கூலன்ட் அந்தக் கேனிலேயே மலையிறங்கி வர வேண்டும்.